தாத்தா வீடு குரூப்: மயிலுக்கு 40,000, சிக்கு கோலத்துக்கு 210

அம்மு: அத்தை உங்க மயில் கோலம் ரீல் 40,000 வியூஸ் தாண்டிருச்சு!!! நேத்து ராத்திரி தூங்க போறப்ப கூட பன்னெண்டாயிரம் தான் இருந்துச்சு

பெரியம்மா: அடேங்கப்பா. சுமதி நீ பெரிய ஆளாயிட்ட போ

ரவி சித்தப்பா: வாழ்த்துக்கள் அக்கா 👏

சுமதி அத்தை: எந்த மயிலு. கலர் பொடி தூவுனேனே அதுவா

அம்மு: அதே தான்

சுமதி அத்தை: அது பக்கத்து வீட்டு புள்ளைங்க கேட்டுச்சுங்கன்னு காலண்டர பாத்து போட்டது. அதுக்கு முந்தின நாளு சிக்கு கோலம் போட்டேனே அத போடலயா நீ

அம்மு: அதையும் போட்டேன் அத்தை. அது 210 தான் போயிருக்கு

சுமதி அத்தை: நல்லா இருக்கு நியாயம். நேர்ப்புள்ளி 15, ஒண்ணு வரைக்கும் இறங்கும், எங்கயும் அறுக்காம ஒரே இழையா எல்லா புள்ளியையும் சுத்திட்டு ஆரம்பிச்ச எடத்துலயே வந்து சேரணும், நடுவுல ஒரு புள்ளிய தவற விட்டா மொத்தமும் போச்சு, சாணி தெளிச்ச ஈரம் காயறதுக்குள்ள முடிக்கணும்னு இடுப்பு ஒடிய போட்டேன் அதுக்கு 210. மயிலு தோகைக்கு பச்சைப்பொடிய அள்ளி கொட்டுனதுக்கு 40,000

பாபு அண்ணா: நடுவுல 15, ரெண்டு பக்கமும் 13, 11ன்னு ரெண்டு ரெண்டா குறைஞ்சு 1 வரைக்கும்னா மொத்தம் 113 புள்ளி அத்தை. இப்ப தான் கூட்டி பாத்தேன்

பாபு அண்ணா: அப்புறம் இன்னொன்னு, தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ்ல கிஃப்ட் சிரோமணின்னு ஒரு ப்ரொஃபசர் இருந்தாரு, அவரும் அவர் கூட இருந்தவங்களும் 1970கள்லயே இந்த கோலத்த வச்சு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல பேப்பர் எழுதியிருக்காங்க. மயில வச்சு இல்ல. இந்த மாதிரி புள்ளி கோலத்த வச்சு தான்

அம்மு: சரி சரி. அத்தை நாளைக்கு கிளி போடுங்க இல்லன்னா ரெண்டு அன்னம். சூடு ஆறறதுக்குள்ள அடுத்தத போட்டா தான் ரீச் வரும்

சுமதி அத்தை: நான் என்ன கடையா வச்சிருக்கேன் ஆர்டர் எடுக்க

பெரியம்மா: விடு அம்மு. கோலமெல்லாம் நம்ம மனத்திருப்திக்கு போடறது. யாரு பாத்தா என்ன பாக்காட்டி என்ன

சுமதி அத்தை: அப்படியும் இல்ல அண்ணி. மனத்திருப்திக்குன்னா கூடத்துல போட்டுட்டு கதவ சாத்திக்கலாமே, மார்கழி பனில தலைல துண்ட கட்டிகிட்டு வாசல்ல குந்திகிட்டு எதுக்கு போடறோம், நாலு பேரு பாக்கத்தான்

பாபு அண்ணா: அப்படி போடுங்க அத்தை!! இந்த எனக்காக எழுதறேன் எனக்காக பாடறேன்னு சொல்ற ஆர்ட்டிஸ்ட் எல்லாம் சும்மா பில்டப்பு

பெரியம்மா: எறும்புக்கு படியளக்கறதுடா கோலம். தர்மம் அது

சுமதி அத்தை: நான் போடறது அரிசி மாவு இல்ல, கல்லு மாவு அண்ணி. எறும்பு பல்லு ஒடஞ்சுரும்

பாபு அண்ணா: 😂😂😂

பெரியம்மா: சிரிக்காதடா. தியாகராஜ சுவாமிகள் யாருக்காக பாடுனாரு சொல்லு. தஞ்சாவூர் ராஜா சரபோஜி பொன்னும் பொருளும் அனுப்பி கூப்பிட்டப்போ நிதி சால சுகமா, பணம் தான் பெரிய சுகமான்னு பாடி திருப்பி அனுப்பிட்டாருன்னு சொல்லுவாங்கல்ல

பாபு அண்ணா: பெரியம்மா அவருக்கு ராமர் இருந்தாரு கேக்கறதுக்கு. அத விட பெரிய ஆடியன்ஸ் வேணுமா. அதோட வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் மாதிரி சிஷ்யங்க ஏட்டுல எழுதி வைக்கலன்னா நமக்கு எத்தனை பாட்டு வந்து சேந்திருக்கும்

ரவி சித்தப்பா: டேய் பாபு எல்லாத்தையும் ஒரே தராசுல போடாத. வீணை தனம்மாள் கேள்விப்பட்டிருக்கியா, டான்ஸ் பாலசரஸ்வதியோட பாட்டி. ஜார்ஜ் டவுன்ல அவங்க வீட்டுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பாங்க. மீட்டறதே அவ்ளோ மெல்லிசா இருக்கும், பெரிய பெரிய வித்வானுங்க எல்லாம் வந்து இருமாம தும்மாம உக்காந்து கேட்டுட்டு போவாங்களாம். கடைசி வரைக்கும் அந்த வாசிப்ப கூட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கல. காசு கஷ்டம் இருந்துச்சு, இருந்தும் மாத்திக்கல. 1938ல போயிட்டாங்க

பாபு அண்ணா: சரி அப்ப பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்? கச்சேரின்னா இப்படித்தான் இருக்கணும், வர்ணத்துல ஆரம்பி, சுருக்கமா நாலு கீர்த்தனை, நடுவுல ஒரு பெரிய ராகம், கடைசில துக்கடா, அதான் சின்ன சின்ன பாட்டுன்னு ஜனங்க உக்காந்து கேக்கற மாதிரி அமைச்சு குடுத்தது அவர்தானே. இன்னிக்கு வரைக்கும் சபால அந்த வரிசை தான் ஓடுது. கூட்டத்த மனசுல வச்சு பண்ணாருன்னு அவர மட்டம்னு சொல்லுவீங்களா

ரவி சித்தப்பா: மட்டம்னு யாருடா சொன்னா. நானே அரியக்குடி பைத்தியம்

ரவி சித்தப்பா: ஆனா எம்.டி.ராமநாதன் இருக்காரே, அந்த கீழ் ஸ்ருதில யானை நடக்கற மாதிரி நிதானமா பாடுவாரு, பொறுமை இல்லாதவங்க எந்திரிச்சு போயிடுவாங்க. மியூசிக் அகாடமியோட பெரிய விருது சங்கீத கலாநிதி, அத கடைசி வரைக்கும் குடுக்கல. 1984ல செத்தாரு. இன்னிக்கு பாரு அவருக்குன்னு ஒரு கூட்டம் உசுர விடுது. இத எந்த கணக்குல சேப்ப

பாபு அண்ணா: தெரியல சித்தப்பா. லேட் டெலிவரி

ரவி சித்தப்பா: 😀

ரவி சித்தப்பா: கல்யாணத்துல பாத்திருக்கியா. நம்ம சொந்தக்கார பையன் கல்யாணத்துல, மண்டபத்துல எல்லாரும் பந்திக்கு ஓடிட்டாங்க, மிச்சம் இருந்தவன் போன நோண்டிட்டு இருந்தான், நாயனக்காரர் பாட்டுக்கு வாசிச்சுகிட்டு இருந்தாரு கடனேன்னு. தூணு பக்கத்துல ஒரு வயசானவர் தொடைல தாளம் போட்டுகிட்டு இருந்தத கவனிச்சாரு பாரு, அப்படியே உக்காந்த வாக்குல திரும்பி நாயனத்த அந்த பக்கம் காட்டி தோடி ராகத்த எடுத்தாரு. தவிலுக்காரர் கூட நிமிந்து உக்காந்துட்டாரு. அரை மணி நேரம். சாம்பார் ஆறிப்போச்சு எனக்கு ஆனா நான் எந்திரிக்கல

பெரியம்மா: யாரு கல்யாணம் ரவி

ரவி சித்தப்பா: விடுங்க அண்ணி அது இப்ப முக்கியமா

சுமதி அத்தை: ரவி சொன்னது தான் சரி. எங்க தெருவுல எதிர் வீட்டு அக்கா இருந்தாங்கல்ல, இப்ப பையன் கூட கோயம்புத்தூர் போயிட்டாங்க, நான் கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அவங்க தான் எனக்கு. காபி டம்ளரோட வந்து நிப்பாங்க, ஒண்ணும் பேச மாட்டாங்க, கண்ணாலயே இழைய புடிச்சு மூலை மூலையா போயிட்டு வருவாங்க. வந்து முடிஞ்சா அந்த மூலைல இறுக்கிட்ட சுமதி, இந்த வளைவு கோழிமுட்டை மாதிரி இருக்குன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. சூப்பர்னு ஒரு நாளு சொன்னதில்ல

அம்மு: ஐயோ பாவம் அத்தை நீங்க

சுமதி அத்தை: என்ன பாவம். அவங்க வந்து பாப்பாங்கன்னு தான் சுழி சரியா போட்டேன். இப்பவும் காலைல போட்டோ எடுத்து அவங்களுக்கு தான் மொதல்ல அனுப்பறேன். அந்த சிக்கு கோலத்துக்கு என்ன பதில் வந்துச்சு தெரியுமா, வடக்கு பக்கம் கம்பி தடிச்சிருக்கு பொடில ஈரமான்னு

பாபு அண்ணா: போட்டோலயே கண்டுபிடிச்சிட்டாங்களா 🙏

சுமதி அத்தை: மயிலுக்கு பதிலே போடல

அம்மு: அத்தை இது எங்க எமிலி டிக்கின்சன் கதை மாதிரியே இருக்கு. அமெரிக்கால ஒரு கவிஞி, கிட்டத்தட்ட 1800 கவிதை எழுதியிருக்காங்க, உயிரோட இருக்கப்ப அச்சுல வந்தது ஏதோ பத்து தான். 1886ல செத்தப்புறம் தங்கச்சி பெட்டிய தொறந்து பாத்தா கையால தச்சு வச்ச குட்டி குட்டி நோட்டு. க்ளாஸ்ல எல்லாரும் பாருங்க தனக்காகவே எழுதுனாங்கன்னு சொல்லுவாங்க, ஆனா பக்கத்து வீட்டுல இருந்த அண்ணிக்கு மட்டும் 250 கிட்ட அனுப்பியிருக்காங்க. ஒரு கவிதைல ரெண்டாவது பத்தி சரியில்லன்னு அண்ணி சொல்ல இவங்க மாத்தி மாத்தி எழுதி அனுப்புன லெட்டர் எல்லாம் இருக்கு

பெரியம்மா: அண்ணின்னா இப்படி இருக்கணும்

சுமதி அத்தை: நீங்களும் தான் அண்ணி இருக்கீங்க, எறும்பு எறும்புன்னு

பெரியம்மா: 😡

பாபு அண்ணா: ஆக ஒருத்தரோ 40,000 பேரோ, ஆள் வேணும். நான் சொன்னது தானே ஜெயிச்சுது

சுமதி அத்தை: இல்லடா. நீ சொல்றது கைதட்டறதுக்கு ஆளு. அந்தக்கா கைதட்டவே இல்லயே. தப்பு கண்டுபிடிக்க ஒரு ஆளு இருந்தா போதும்னு சொல்றேன். அந்த ஆளும் இல்லாத நாள்ல நானே எதிர் திண்ணைல போயி நின்னு பாத்துப்பேன், அவங்க நிக்கற எடத்துல இருந்து

பாபு அண்ணா: அது வந்து

பாபு அண்ணா: சரி யோசிக்கறேன்

அம்மு: அப்ப மயில் ரீல தூக்கிடவா அத்தை

சுமதி அத்தை: எதுக்கு தூக்கணும். அவ்ளோ பேரு பாத்தத போயி அழிப்பாளா. இருக்கட்டும்

பாபு அண்ணா: வாங்க வழிக்கு 😂😂

சுமதி அத்தை: கிளி மட்டும் கிடையாது சொல்லிட்டேன்

ரவி சித்தப்பா: அக்கா மயிலாப்பூர்ல வடக்கு மாட வீதில ஜனவரில கோலப்போட்டி நடக்கும், நம்ம வீட்டுல தங்கிக்கலாம். பேரு குடுக்கட்டுமா

சுமதி அத்தை: மார்க்கு போடறவங்களுக்கு இழை புடிச்சு பாக்க தெரியுமான்னு விசாரிச்சு சொல்லு. தெரிஞ்சா வரேன்