கன்றைத் தாயோடு விட்டுப் பார்த்தோம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் வீடு. ரேஷன் கார்டு மலையாளத்தில், மாட்டை அதட்டுவது தமிழில். கட்டுத்தரையில் நான்கு கலப்பினப் பசுக்கள்.

முன்பெல்லாம் ஈன்ற மூன்றாம் நாளே கன்றைத் தனியே கட்டிவிடுவோம். வாளிப் பாலில் விரலை விட்டுச் சப்பப் பழக்குவது என் வேலை. வாளி காலியானாலும் சப்பும் ஆசை அடங்காது. ஒன்றின் காதை, தொப்புளை இன்னொன்று சப்பிக்கொண்டே கிடக்கும். போன வருடம் ஒரு கிடேரிக்குத் தொப்புள் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. எனக்கு வெறுத்துப்போய்விட்டது. இந்த வைகாசியில் ஜெர்சிக் கலப்பு ஈன்றபோது கன்றைப் பிரிக்கவே இல்லை.

முதல் சண்டை அத்தையோடு. "நஞ்சுக்கொடி விழாம கன்னுக்குட்டிய ஊட்ட விடாதே" என்பது அவர் சட்டம். சீம்பாலில் உள்ள எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் வாங்கிக்கொள்வது முதல் 24 மணி நேரத்தில்தான், அதுவும் மணிக்கு மணி குறையும் என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை குளிக்கப் போன நேரமாகப் பார்த்துக் கன்றை மடிப் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் வந்து பார்த்தபோது அதன் வாயெல்லாம் நுரை. கொடியும் மதியத்துக்குள் விழுந்துவிட்டது.

பகலில் இரண்டும் ஒன்றாக நிற்கும், இரவில் மட்டும் தனித்தனி. காலையில் கன்று இரண்டு முட்டு முட்டினால் போதும், மடி சுரந்துவிடும்.

வினை பால் சொசைட்டியில் வந்தது. 4.1 சதவீதத்தில் நின்ற கொழுப்பு 3.2 ஆகிவிட்டது. தண்ணீர் கலக்கிறோமோ என்று ஒரு பார்வை வேறு! தண்ணீர் கலப்பைக் காட்டும் லாக்டோமீட்டர் என்னவோ சரியாகத்தான் நின்றது. விஷயம் மடியில் இருந்தது. கறவையின் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதைக் கன்றுக்கென்று மாடு அடக்கிக்கொண்டது. நமக்குக் காபிப் பால், கன்றுக்கு நெய்ப் பால். இப்போது கறக்கும்போது கன்றைத் தலைமாட்டில் கட்டுகிறோம், மாடு அதை நக்கிக்கொண்டே நிற்கிறது. 3.6 வரை ஏறியிருக்கிறது. விலை கொழுப்பையும் பார்த்துத்தான் என்பதால் கொஞ்சம் நஷ்டம்தான், மறைக்கவில்லை.

கோபாலபுரத்திலிருந்து ஒரு வாசகர்: அக்கா, கன்னுக்கு வயித்துப் பூச்சி மருந்து கொடுத்தீங்களா? உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாவே கன்னுக்குப் போகும். எங்க கன்னு ஒண்ணு நல்லா ஊட்டியும் வயிறு உப்பி, ரோமம் சிலிர்த்து நின்னுச்சு. டாக்டர்கிட்டக் கேட்டு ரெண்டு வாரத்துக்குள்ள கொடுத்துருங்க.

அப்புறம், பிரிக்கறப்ப உஷார். நாங்க ரெண்டரை மாசம் சேர்த்து வச்சுட்டு ஒரே நாள்ல பிரிச்சோம். மூணு ராத்திரி ரெண்டும் கத்தின கத்துல பக்கத்துத் தோட்டத்துக்காரர் டார்ச்சோட வந்துட்டார்.

பதில்: மருந்து பதினோராம் நாளே கொடுத்தாயிற்று தம்பி. ஊட்ட விடுவதை ஒவ்வொரு வேளையாகக் குறைத்துப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். நடுவே கட்ட மூங்கில் தட்டி பின்னியிருக்கிறோம். மூக்கை நீட்டி நக்கலாம், மடி மட்டும் எட்டாது. இடைவெளி அகலமாக இருக்கிறது, கன்று தலையை மாட்டிக்கொள்ளும் என்று அத்தை இன்று காலையில் பாதியைப் பிரித்து மறுபடி பின்னிக்கொண்டிருக்கிறார்.