புதுப்பிப்பு: அக்கா மகனைப் பெரியவர்கள் வார்டில் சேர்த்தது பற்றி

15 வயது அக்கா மகனை மதுரையில் ஒரு தனியார் மனநல மருத்துவமனையில் பெரியவர்களோடு படுக்க வைத்திருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவைக் காட்டி எழுதிக் கொடுக்கச் சொன்னவரின் யோசனைதான். சிறார்களைத் தனியே வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வாயால் கேட்டபோது 'இடமில்லை' என்றவர்கள், மனு போன மறுநாளே தனி அறை கொடுத்தார்கள். இத்தனை நாள் அந்த அறை எங்கே இருந்ததோ! அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416-இல் டெலி மானஸ் ஆலோசகரும் பொறுமையாகப் பேசினார்.

எதிர்பாராதது ஒன்று: அதே பிரிவின்படி பையனின் பாதுகாவலரோ, அவர் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும். மச்சான் கடலில். பாம்பனில் காயப்போட்ட கருவாட்டை அள்ளாமலே பஸ் ஏறிய அக்கா, 11 நாள் ஒரு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பையன் இப்போது வீட்டில். மாத்திரை தொடர்கிறது.