முள் முளைத்த சிவப்பணுக்கள்: நீங்கள் பார்த்ததுண்டா?

லேப்காரன்:
பதினாறு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். எட்டு மாதக் குழந்தை, எடை ஏறவில்லை, ஓயாத வயிற்றுப்போக்கு. இ.எஸ்.ஆர். (குழாயில் சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகம்) போட்டால் ஒரு மணி நேரத்தில் 1 மி.மீ.தான் இறங்கியிருந்தது. ஸ்மியரில், அதாவது கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பாதிக்கு மேல் சிவப்பணுக்கள் நெருஞ்சி முள் மாதிரி. ரத்தம் எடுத்து நேரமாகிவிட்டால் இப்படிச் சுருங்குவதுண்டு. ‘சாம்பிள் பழசு’ என்று எழுதித் திருப்பிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

மறுநாள் புது ரத்தம். அதே முள். கொலஸ்ட்ரால் வெறும் 28. இவ்வளவு குறைவா என்று மெஷினைச் சந்தேகப்பட்டு கன்ட்ரோல் (அளவு தெரிந்த சாம்பிள்) ஓட்டினேன், மெஷின் சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், பால் குடித்துவிட்டு வந்த குழந்தை, பால் கொழுப்பு ஏறி சீரம் (ரத்தம் உறைந்தபின் மேலே நிற்கும் நீர்) கலங்கியிருக்க வேண்டும், துளிக் கலங்கல்கூட இல்லை.

அபீட்டாலிப்போபுரோட்டீனீமியா என்றார் டாக்டர். 1950இல் பாசன், கோர்ன்ஸ்வைக் இருவரும் 18 வயதுப் பெண்ணிடம் கண்டு எழுதிய நோய். எம்.டி.டி.பி. (MTTP) என்ற மரபணு பழுது, குடலும் கல்லீரலும் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்ப முடியாது. சிவப்பணுவோ சொந்தமாகக் கொழுப்பு தயாரிக்காது, பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதியில்) இருப்பதோடுதான் கொடுத்து வாங்கும். அங்கே லெசித்தின் என்ற கொழுப்பு குறைந்து ஸ்பிங்கோமயலின் என்ற இன்னொரு கொழுப்பின் விகிதம் ஏறினால் சவ்வின் வெளியடுக்கு விரிந்து விறைத்துவிடுகிறது. அதுதான் முள். மஜ்ஜையிலிருந்து வரும்போது அணு ஒழுங்காகத்தான் இருக்குமாம். ரத்தத்தில் சுற்றச் சுற்றத்தான் முள் வைக்கிறது. முள் இருந்தால் காசு போல அடுக்கிக்கொள்ள முடியாதே, அணுக்கள் குழாயில் எப்படி வேகமாக இறங்கும்?

ஒரு அம்மா:
என் மகனுக்கும் இதேதான். நான் மாமா மகனைக் கட்டியவள். அந்த மரபணுவின் பழுதான பிரதி இருவரிடமும் ஒவ்வொன்று இருந்திருக்கிறது. பிள்ளை தேறட்டும் என்று அத்தை பருப்புச் சோற்றில் நெய்யாக ஊற்றி ஊட்டுவார். ஊட்ட ஊட்ட மலம் வெளிறிப்போய், எண்ணெய் மிதக்கிற மாதிரி போவான். கொழுப்பைக் குறைத்த பிறகுதான் நின்றது. அவரிடம் அதைச் சொல்லிப் புரியவைத்ததுதான் பெரிய பாடு.

வைட்டமின் ஈ தினமும், டாக்டர் சொன்ன பெரிய அளவில். நரம்பு, விழித்திரைச் சவ்வுகள் அரிக்காமல் காப்பது அதுதான்.

லேப்காரன்:
ஸ்மியரில் இன்னும் முள் இருக்கிறதா?

ஒரு அம்மா:
இருக்கிறது. அதைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள் என்கிறார் நரம்பு டாக்டர். நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழங்காலில் சுத்தியலால் தட்டுவார். போன மாதம் இரண்டாவது தட்டில்தான் துள்ளியது, லேசாக.