மறுமொழி: ‘ட்ரிபிள் ஆப்ஷன்’ – மும்முனை விருப்பத் தெரிவா, மூவழி நோட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் தமிழாக்கி வெளியிட்ட அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலைப் படித்தேன். குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துபவர்), ஃபுல்பேக் (பந்தோடு நடுவில் பாய்பவர்) போன்ற ஆட்டக்காரர் பெயர்களை அப்படியே விட்டது நல்லது. ஓட்ட ஆட்டங்கள், அதாவது பந்தை எறியாமல் ஏந்தி ஓடும் ஆட்டங்கள் பகுதியில்தான் எனக்கு மறுப்பு இருக்கிறது.

> ஆப்ஷன் = விருப்பத் தெரிவு; ட்ரிபிள் ஆப்ஷன் = மும்முனை விருப்பத் தெரிவு

இதில் ‘விருப்பம்’ வரவே கூடாது. டெக்சஸில் நான் இருக்கும் ஊரில் வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி ஆட்டங்களை வேலியோரம் நின்று பார்ப்பேன். ட்ரிபிள் ஆப்ஷன் ஆடும்போது அங்கிருந்து குவார்ட்டர்பேக்கின் கண் நன்றாகத் தெரியும். பந்து வந்ததும் அதை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைப்பான். கை பந்தை விடாது, கண் பந்தைப் பார்க்காது. எதிரணியில் ஒருவனை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டிருப்பார்கள். கண் அவன் மேல்தான். அவன் ஃபுல்பேக்கைப் பிடிக்க உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளிப்பக்கம் ஓட வேண்டும். பாயாமல் நின்றால் பந்து ஃபுல்பேக்குக்கு. வெளியே ஓடினால் அங்கே இன்னொருவன், அவனையும் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவன் தன்மேல் வந்தால் கூடவே ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரனான ஹாஃப்பேக்குக்குப் பந்தைத் தள்ளிவிட வேண்டும். ஹாஃப்பேக்கை மறிக்கப் போனால் தானே முன்னேற வேண்டும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இதில் அந்தப் பையனின் விருப்பம் எங்கே இருக்கிறது? எதிராளி ஒன்றைச் செய்கிறான், இவன் அதற்கு மாறானதைச் செய்கிறான். முடிவு எதிராளியின் காலில் இருக்கிறது.

ஆகவே சொல்லின் வேர் பார்ப்பதில் இருக்க வேண்டும். ‘நோட்டம்’ என்பது என் பரிந்துரை. ட்ரிபிள் ஆப்ஷனுக்கு மூவழி நோட்டம். ‘மும்முனை நோட்டம்’ சரிவராது. பார்க்கப்படும் ஆட்கள் இருவர்தான், பந்து போகும் வழிகள்தான் மூன்று. ஒரே எதிராளியைப் பார்த்து, பந்தைக் கொடுப்பதா தானே ஓடுவதா என்று முடிவாகும் இன்றைய ஸோன் ரீடுக்குப் புல நோட்டம், ஓடுவதா எறிவதா என்று கடைசி நொடியில் முடிவாகும் ஆட்டத்துக்கு ஓட்டெறி நோட்டம் என்று இதே வேரிலிருந்து சொல் கிடைக்கிறது. ‘விருப்பத் தெரிவு’ இப்படிக் கிளைக்காது. இந்தச் சொல்லை முன்பு நான் சொன்னபோது ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> நோட்டம் என்றால் திருடன் விடுவது. ‘பூட்டிய வீட்டை நோட்டமிட்டு’ என்றுதானே நாளிதழில் வருகிறது?

வருகிறதுதான், ஐயா. ஆனால் நாணயம் நல்லதா கள்ளமா என்று பார்த்துச் சொல்வதற்கும் நோட்டம் என்றுதான் பெயர். அதைச் செய்தவர் நோட்டக்காரர். ஒரு நல்ல சொல்லைத் திருடனுக்கே எழுதிக்கொடுத்துவிட வேண்டுமா? பள்ளி ஆட்டக்காரர்களை எடைபோட ஊர் ஊராகப் போகும் ‘ஸ்கவுட்’ என்பவருக்கும் நோட்டக்காரர் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது.

இந்த ஆட்டத்தின் வரலாறும் ‘நோட்டம்’ பக்கமே நிற்கிறது. 1941இல் மிசூரி பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டான் ஃபாரட், கூடைப்பந்தில் இரண்டு பேர் ஒரு தடுப்பாளனை எதிர்கொள்ளும் கணத்தை இந்தக் களத்துக்குக் கொண்டுவந்தார். அவன் யார் பக்கம் சாய்கிறானோ, பந்து மற்றவனுக்கு. பிறகு ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் பில் யோமனின் ‘வீர்’ என்ற ஆப்ஷன் முறை வந்தது. 1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லர்ட் ‘விஷ்போன்’ என்ற அணியமைப்பை உருவாக்கினார். அவர் அதற்குச் சற்று முன்புவரை டெக்சஸ் பள்ளிகளில் பயிற்சியாளராக இருந்தவர். அந்த அமைப்பில் டெக்சஸுக்கு முதல் ஆட்டம் சமன், இரண்டாவது தோல்வி. அப்புறம் தொடர்ந்து 30 வெற்றிகள். 1971இல் இதே அணியமைப்பில் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் ஓட்டத்தால் மட்டும் ஆட்டத்துக்குச் சராசரி 472 கெஜம் எடுத்தது.

பட்டியலில் விஷ்போனை ‘விருப்ப எலும்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். கோழியின் அந்த எலும்பை ஆளுக்கொரு முனை பிடித்து முறித்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. குவார்ட்டர்பேக்கின் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இரு பக்கமும் இருவர். மேலிருந்து பார்த்தால் ஆட்டுக்குத் தழை வளைக்கும் கவைக்கொம்பின் வடிவம். ‘கவை அணி’ போதும். ‘கவைக்குதவாத’ என்ற தொடர் நினைவுக்கு வருமே என்று ஒருவர் தயங்கியிருந்தார். 30 வெற்றி பெற்ற கவை அது, தயங்க வேண்டாம்.

இனி இரண்டாவது சொல்.

> ரெக்ரூட்டிங் = ஆட்சேர்ப்பு

ஆட்சேர்ப்பு என்றதும் நமக்கு வரிசையில் நிற்கும் விண்ணப்பதாரர்களும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தேர்ந்தெடுக்கும் அதிகாரியும்தான் கண்ணில் வருவார்கள். இங்கே நடப்பது தலைகீழ். பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பையனின் வீடு தேடி வந்து, கூடத்தில் உட்கார்ந்து, அம்மா அப்பாவிடம் பேசிவிட்டுப் போகிறார். கிட்டத்தட்ட வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். ஒரே பையனைப் பத்து இடங்கள் அழைக்கலாம். முடிவு சொல்ல வேண்டியவன் அவன். எனவே ‘வீரர் அழைப்பு’ என்கிறேன். வாயால் ஒத்துக்கொள்வது ‘வாக்கு’, அதிலிருந்து விலகுவது ‘வாக்கு மாறுதல்’. எழுத்தில் உறுதியாவது ‘ஒப்பம்’. முன்பு பிப்ரவரியில் மட்டும் நடந்த ஒப்பம் 2017 முதல் டிசம்பரிலும் நடக்கிறது. இரண்டு சொற்களிலும் நான் கேட்பது ஒன்றேதான்: முடிவு யார் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்ச் சொல் மறைக்கக் கூடாது.

இந்த இரண்டு சொற்களையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். மூவழி நோட்டத்தைப் பலர் பிடித்து வைத்திருப்பதற்குக் காரணமே வீரர் அழைப்புதான். இருவரைத் தடுக்காமலே விட்டுவிடுவதால், மலைபோன்ற ஆட்கள் கிடைக்காத அணியும் மிஞ்சிய எதிராளிகளை ஆள் கணக்கில் சமாளிக்கலாம். அமெரிக்க ராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்விக்கழகங்கள் இதை விடாமல் ஆடிவந்தது அதனால்தான். உடல் எடைக்கு வரம்பு, படித்தபின் படையில் கட்டாயப் பணி என்று இருக்கும்போது, 140 கிலோ தடுப்பாளர்களை அங்கே அழைப்பது கடினம்.

பள்ளி அளவிலும் அப்படித்தான். கலிஃபோர்னியாவில் காங்கர்ட் ஊரின் டி லா சால் பள்ளி, பாப் லடுசூர் பயிற்சியில் 1992 முதல் 2003 வரை 151 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அடிப்படை ஆட்டம் ‘வீர்’. அந்தத் தொடரை முறித்த வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ பள்ளியும் ‘விங்-டி’ என்ற பழைய ஓட்ட முறையில் ஆடித்தான் 39–20 என்று வென்றது. நாடு முழுதும் பந்தை எறியத் தொடங்கிய காலம் அது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் அகப்படவில்லை: ‘பிட்ச்’, அதாவது ஓடிக்கொண்டே பக்கத்து ஆளுக்குப் பந்தைத் தள்ளிவிடுவது. ‘கைமாற்று’ என்று எழுதிப் பார்த்தேன். அவசரத்துக்கு வாங்கும் கடன் அல்லவா அது? ‘பக்கவீச்சு’ நீட்டி எறிவதுபோல் ஒலிக்கிறது. இது மணிக்கட்டைச் சுண்டி, கட்டை விரல் கீழே பார்க்க, அருகில் வருபவனின் நெஞ்சுக்கு நேராகப் பந்தை விடுவது. பம்பரமோ கோலியோ ஆடிய ஊர்க்காரர்களிடம் இந்தச் சுண்டலுக்கு ஒரு சொல் இருக்கக்கூடும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
டெக்சஸிலிருந்து