"ஸ்லேவ்" என்ற சொல்லை நம் கோடிலிருந்து எடுத்துவிடலாமா?

நகல்:
ஒரு சர்வரின் தரவை மற்ற சர்வர்களிலும் வைக்கும் நம் பிரதியெடுப்புக் கருவியின் அடுத்த பதிப்பில், மூல சர்வரையும் அதன் பிரதியையும் குறிக்கும் மாஸ்டர்/ஸ்லேவ் என்பதை பிரைமரி/ரெப்ளிகா என்றும், தடுக்க வேண்டியவற்றின் பட்டியலான பிளாக்லிஸ்ட்டை டினைலிஸ்ட் என்றும் மாற்றி ஒரு பேட்ச் (கோடு திருத்தம்) போட்டிருக்கிறேன். வலைத்தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ 2014லேயே மாற்றிவிட்டது, பைத்தான் நிரல்மொழி 2018ல் தொடங்கியது. நாம் ஒன்றும் முந்திக்கொண்டு ஓடவில்லை. மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பழையகோடு:
இருக்கிறது. நான் பராமரிக்கும் ஓர் அமைப்பில் போன வருடம் ஒரு மென்பொருளைப் புதுப்பித்தோம். நிலை அறிக்கையில் ஒரே ஒரு புலத்தின் பெயர் இப்படித்தான் மாறியிருந்தது. எங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடியது, கிடைக்கவில்லை, வெற்று மதிப்பை 0 என்று எடுத்துக்கொண்டது. பிரதி மூன்று மணி நேரம் பின்தங்கிக் கிடக்கிறது, திரையில் "தாமதம் 0" என்று பச்சை விளக்கு எரிகிறது. ஸ்கிரிப்ட் எழுதியது நான்தான், தவறு என்னுடையதுதான். ஆனாலும் அந்தப் பெயரை மாற்றியதால் யாருக்கு என்ன நன்மை என்று இரவு முழுக்க யோசித்தேன். இன்னும் பதில் வரவில்லை.

நகல்:
வெற்று மதிப்பு 0 ஆனதற்குப் பெயர் என்ன செய்யும்? பழைய பெயரை நீக்காமலும் புதியதைக் கொண்டுவரலாம். ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் 5.0 பதிப்பில், 2018ல், ஒரு சர்வரை இன்னொன்றின் பிரதியாக்கும் "ரெப்ளிகாஆஃப்" கட்டளை வந்தது. "ஸ்லேவ்ஆஃப்" அப்போதும் வேலை செய்தது, இப்போதும் செய்கிறது.

பழையகோடு:
அதே ரெடிஸின் பிரதி ஒன்றில், அதன் நிலையைக் காட்டும் இன்ஃபோ கட்டளையை அடித்துப் பாருங்கள். "ரோல்: ஸ்லேவ்" என்றுதான் வரும். அதை மாற்றினால் எத்தனையோ பேரின் ஸ்கிரிப்ட் உடையும், அதனால் விட்டுவிட்டார்கள். முன்பு ஒரு பெயர் தெரிந்தால் போதும். இப்போது இரண்டும் தெரிய வேண்டும்.

சொல்லாளி:
இந்தக் கருவியின் தமிழ் ஆவணத்தை எழுதுகிறவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். "ஸ்லேவ்" என்று அப்படியே எழுதும்வரை எனக்கு எதுவும் உறுத்தியதில்லை. நட்டு, போல்ட் மாதிரி அதுவும் ஒரு பாகத்தின் பெயர். ஒருநாள் முழுவதையும் தமிழாக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். "ஓர் அடிமை செத்துவிட்டால் எஜமான் அடுத்த அடிமைக்குத் தரவை அனுப்பும்." இந்த வரியை எழுதிவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அந்தச் சொல் எப்போதுமே இப்படித்தான் கேட்டிருக்கும் போல.

அப்புறம், உவமையும் பொருந்தவில்லை. மாஸ்டர் விழுந்தால் நாமே ஒரு ஸ்லேவை மாஸ்டர் ஆக்குகிறோம். பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் ஒரே கேபிளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று இரண்டு இருக்குமே, அங்கே மாஸ்டர் டிஸ்க் மற்றதற்கு ஆணையிடுவதே இல்லை. அந்த இணைப்புக்கான ஏடிஏ தரநிலை அவற்றை வெறும் "சாதனம் 0", "சாதனம் 1" என்றுதான் சொல்கிறது.

பழையகோடு:
அந்தத் தமிழ் வரி மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கதை அதோடு நிற்கவில்லையே. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், முதன்மைக் கிளையாக மாஸ்டர் பிராஞ்ச் இருந்தது, ஸ்லேவ் பிராஞ்ச் என்று ஒன்று கிடையாது. அப்படியும் கிட் கோடுகளை வைக்கும் கிட்ஹப் தளத்தில் 2020 அக்டோபர் 1 முதல் புது ரெப்போ (கோடு களஞ்சியம்) எல்லாவற்றுக்கும் இயல்பான பெயர் "மெயின்". இப்போது பாதி ரெப்போவில் மெயின், பாதியில் மாஸ்டர். பில்ட் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றும் இரண்டையும் தேடுகிறது.

நகல்:
அதில் எனக்கும் பெரிய ஆர்வமில்லை. பிராஞ்ச் பெயரை என் பேட்ச் தொடவே இல்லை.

புதுவரவு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் சேர்ந்த முதல் வாரம் வொயிட்லிஸ்ட் என்றால் அனுமதிப்பதா தடுப்பதா என்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். அலாவ்லிஸ்ட் என்று இருந்திருந்தால் அந்தக் கூச்சமே வந்திருக்காது.

பழையகோடு:
அது நியாயமான காரணம். "புண்படுத்துகிறது" என்பதைவிட இது எனக்கு எளிதாக இறங்குகிறது. என் கோபமெல்லாம் வேறு இடத்தில். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை போலீஸ்காரர் கொன்ற பிறகு 2020ல் பெரிய நிறுவனங்கள் வரிசையாகச் சொற்களை மாற்றின. யாரை வேலைக்கு எடுக்கிறோம், யாருக்கு என்ன சம்பளம் என்பதை மாற்றுவது கடினம். சொல்லை மாற்றுவது மலிவு.

சொல்லாளி:
முதலில் மாற்றினால் எல்லாம் உடையும், செலவு என்றீர்கள். இப்போது மலிவு என்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்!

பழையகோடு:
மாற்றுகிறவருக்கு மலிவு, பராமரிக்கிறவருக்குச் செலவு. இரண்டும்தான். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2020 ஜூலையில் இதற்கு ஒரு விதி வந்தது. புதிதாக எழுதும் கோடில் இந்தச் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது, ஆனால் வெளி நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகங்களுக்கு விலக்கு தருகிறது. அந்த அளவில் என்றால் நான் தடுக்க மாட்டேன். ஆவணம், புதுக் கோடு மாறட்டும். பயனர்கள் தங்கள் அமைப்புகளை எழுதும் கான்ஃபிக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

நகல்:
புதியவர் முதலில் திறப்பதே கான்ஃபிக் கோப்பைத்தானே! இரண்டு பெயரையும் ஏற்போம். பழையது வந்தால் லாகில் (இயக்கப் பதிவில்) ஓர் எச்சரிக்கை.

பழையகோடு:
ஒரே கோப்பில் இரண்டும் வெவ்வேறு மதிப்போடு இருந்தால் எதை எடுக்கும்?

நகல்:
சரி, அதை யோசிக்கவில்லை. இப்போது பார்த்தால் கடைசியில் வருவதை எடுக்கிறது, அது சரியில்லை. பிழை காட்டி நிற்க வேண்டும். பேட்சை இரண்டாகப் பிரிக்கிறேன், ஆவணம் தனி, கான்ஃபிக் தனி.

பழையகோடு:
ஆவணத்தை இன்றே இணையுங்கள். கான்ஃபிக் பகுதிக்கு டெஸ்ட் எழுதிவிட்டுக் கூப்பிடுங்கள், பார்க்கிறேன். வெற்று மதிப்புக்கும் ஒரு டெஸ்ட் வேண்டும்.