சர்ஜன்களுக்கு உடற்பயிற்சியைக் கட்டாயமாக்கலாமா?

வியாசர்பாடி கோச்:
எங்கள் ஜிம்முக்கு ஒரு எலும்பு டாக்டர் வருகிறார். எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே செய்யும் கேஸ் என்றால் கதிர்வீச்சைத் தடுக்க ஐந்தாறு கிலோ ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டுமாம். வந்த புதிதில் முப்பது நொடி பிளாங்க் (முழங்கையும் கால் விரலும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது) போடவே அவருக்குத் தோள் நடுங்கும். இப்போது இரண்டு நிமிடம் அசராமல் நிற்கிறார், கடைசி கேஸிலும் கை ஓய்வதில்லை என்கிறார். பாக்சிங் பழகும் பையனுக்கும் நாங்கள் முதலில் பார்ப்பது காலைத்தான். கால் தளர்ந்தால் முகத்தைக் காக்கும் கை தானாக இறங்கிவிடும். கத்தி பிடிக்கிறவருக்கும் அதேதான். வாரம் மூன்று நாள் கட்டாயம் ஆக்குங்கள்.

பி.ஜி. இரண்டாம் வருடம்:
அண்ணா, சர்ஜரி மேற்படிப்பு படிக்கும் எங்களுக்கு ஓய்வது தசை இல்லை, தலை. போன வாரம் இரவு முழுக்க எமர்ஜென்சி பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு குடல்வால் கேஸில் நின்றேன். சிஸ்டர் நூலை நீட்டுகிறார், வாங்கிவிட்டேன், எங்கே போட வேண்டும் என்பது ஒரு கணம் மறந்துவிட்டது. 17 மணி நேரம் விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போல நிதானம் குறைகிறது என்று 1997லேயே டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் ஊரில் 0.03 தாண்டினாலே வண்டி ஓட்டக் கூடாது! அமெரிக்காவில் 2004ல் வந்த ஆய்வில், பழைய நீண்ட டியூட்டி பார்த்த பயிற்சி டாக்டர்கள் ஐ.சி.யு.வில் செய்த பெரிய தவறுகள், டியூட்டியைக் குறைத்தபோது நடந்தவற்றைவிட 36 சதவீதம் அதிகம். விடியற்காலை ஜிம்முக்கு வா என்றால், இருக்கிற தூக்கத்திலும் ஒரு மணி நேரம் போய்விடும்.

வியாசர்பாடி கோச்:
தூங்க விடாதது தப்புதான் தம்பி. ஆனால் நன்றாகத் தூங்கியவருக்கும், சிறு துளை வழியே கேமரா விட்டு மானிட்டரைப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோபியில் கழுத்து பிடித்துக்கொள்கிறதே?

தண்டையார்பேட்டை சிஸ்டர் (ஓய்வு):
பிடிக்கத்தான் செய்யும். 28 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் பார்த்திருக்கிறேன். டாக்டர் உயரத்துக்கு மேசையை ஏற்றி இறக்க யாருக்கும் பொறுமை இருக்காது, மானிட்டர் ஒரு பக்கமாக நிற்கும், அவர் கழுத்தைத் திருப்பியபடியே இரண்டு மணி நேரம் செய்வார். ஜிம் அப்புறம், முதலில் அந்த மேசையைச் சரி செய்யுங்கள். அமெரிக்காவின் மயோ கிளினிக் மருத்துவமனை நடத்திய ஆய்வில் டாக்டர்கள் 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை, கையுறையைக் கழற்றாமலே, ஒன்றரை நிமிடம் தோளையும் கழுத்தையும் நீட்டி மடக்கிப் பார்த்தார்கள். வலி குறைந்தது, ஆபரேஷன் நேரம் நீளவில்லை. இதற்குச் செலவே கிடையாது.

பி.ஜி. இரண்டாம் வருடம்:
சிஸ்டர் சொல்வதை நாளைக்கே செய்யலாம். அண்ணா, பயிற்சி டியூட்டி நேரத்துக்குள் என்று ஆர்டர் வரட்டும், முதல் ஆளாக நான் வருகிறேன்.

வியாசர்பாடி கோச்:
சரி தம்பி, அப்படியே கேட்போம். மதியம் மூன்று மணிக்கு ஜிம் காலியாகத்தான் இருக்கும்.