இங்கிலாந்து வந்திறங்கிய நம்ம ஊர் நர்ஸ்களுக்கு: ‘யெஸ்’ சொல்லும் முன்

மக்கா! நம்ம குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், தக்கலை, கருங்கல் பக்கமிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கும் இங்கிலீஷ் சந்தேகங்களுக்கு மொத்தமாக எழுதிவிடுகிறேன். பாதிப் பேர் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘ஏ’ (a) எங்கே, ‘த’ (the) எங்கே என்றுதான் கேட்கிறீர்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். ஒரு ‘த’ விட்டுப்போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுகளில், முதலாவதில் பேச்சுக்கு 7 வாங்கியோ இரண்டாவதில் பாஸாகியோதான் வந்திருக்கிறீர்கள். இலக்கணம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வண்டி ஓடும். மாட்டிவிடுவது வேறு.

முதலில் ‘இல்லையா’ என்று முடியும் கேள்வி. ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸ், ‘யூ ஹேவன்ட் கிவன் ஹிம் த டேப்லெட்?’ என்கிறார். நம் வாயில் ‘ஆமா, கொடுக்கல’ என்றுதான் வரும். அவர் சொன்னது சரி என்கிறோம், அவ்வளவுதான். அதில் ‘ஆமா’வை மட்டும் ‘யெஸ்’ ஆக்கி நிறுத்தினால், மாத்திரை கொடுத்தாயிற்று என்று அவர் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில யெஸ்ஸும் நோவும் கேட்டவர் வாயைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கும். கொடுத்திருந்தால் யெஸ், கொடுக்கவில்லை என்றால் நோ. கேள்வி எப்படி வந்தாலும் அதேதான். அதனால் ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல், ‘நோ, ஐ ஹேவன்ட் கிவன் இட்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவதையும் குறையுங்கள். அது ஆமாவா இல்லையா என்று இவர்களுக்குப் பிடிபடாது. ‘டூ யூ மைண்ட்’ என்று தொடங்குவதும் இதே ரகம். ஜன்னலைத் திறக்கலாமா என்று அப்படிக் கேட்டால், திறக்கலாம் என்பதற்கு ‘நோ, நாட் அட் ஆல்’. யெஸ் என்றால் திறக்காதே என்று அர்த்தம்.

அப்புறம் காலம். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ வேண்டாம். நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ சா ஹிம்’ போதும். தமிழில் ‘போன வருஷம் பார்த்திருக்கேன்’ என்று சரளமாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கம். ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்பதும் வேண்டாம். எத்தனை நாளாக என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’.

‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ என்றால் இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறதோ என்று வயிற்றைப் பார்ப்பார்கள். ‘ஐ ஹேவ்’ என்று சொல்லுங்கள். ஆனால் ‘ஷி இஸ் ஹேவிங் செஸ்ட் பெயின்’ சரிதான், வலி இப்போது நடந்துகொண்டிருக்கிறது இல்லையா? பிள்ளைகள், வீடு, கார் இதற்கெல்லாம்தான் ‘ஹேவிங்’ ஆகாது.

‘ஐ பாஸ்டு அவுட் இன் 2015’ என்றால் அந்த வருஷம் மயங்கி விழுந்தீர்கள் என்று பொருள். ‘கிராஜுவேட்டட்’ போதும். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’, ‘டூ த நீட்ஃபுல்’ இரண்டையும் நாகர்கோவிலிலேயே விட்டுவிடலாம். ‘எக்ஸ்பையர்ட்’ பாலுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சொல்வது. நோயாளி இறந்தால் ‘டைடு’ என்று நேராகவே சொல்லலாம், தவறில்லை.

கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று. மலையாளம் உங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு, வந்த வாரமே கேரளத்து நர்ஸ்களோடு ஒட்டிக்கொள்வீர்கள். சாப்பாட்டு நேரத்தில் தாராளமாகப் பேசுங்கள். நோயாளியின் கட்டில் பக்கத்தில் வேண்டாம், தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். போதாததற்கு, நம் இங்கிலீஷும் அதே இடத்தில் நின்றுவிடும்.

இன்னொன்று, ‘ஹாஃப் செவன்’ ஷிஃப்ட் என்றால் இங்கே 7.30. ஜெர்மனிக்குப் போகிற கூட்டுக்காரிக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே ‘ஹால்ப் ஸீபன்’ என்றால் 6.30, பாவம் ஒரு மணி நேரம் லேட்டாகப் போய் நிற்பாள்.